எருக்குழியை மறந்த இல்லங்கள்

காலையில் குப்பை வண்டியின் ஒலி கேட்டதும் திருமுல்லைவாயில் தெருக்களில் இல்லத்தரசியர் வாளிகளுடன் விரைந்து வருவதை நாம் அன்றாடம் காண்கிறோம். அவ்வாளிகளில் இருப்பவை யாவை? வாழைப்பழத் தோல், கீரைத் தண்டு, தேயிலைச் சக்கை, முட்டை ஓடு, முந்தின நாள் சூடிய முல்லைச் சரம். இவற்றோடு பால் உறை ஒன்றும் சேர்ந்துவிடுகிறது. அடுப்பங்கரையில் எருவாகும் தகுதியோடு இருந்த பொருள், அந்த உறையுடன் கலந்த கணமே வெறும் குப்பையாகிவிடுகிறது. அதே இல்லத்தில் மாலையில் ரோஜாத் தொட்டிக்கென்று எரு மூட்டை விலைக்கு வந்து இறங்குகிறது!

நம் பெற்றோரிடம் இதைச் சொன்னால் நகைப்பார்கள். 1960-களில் ஆவடியிலும் அம்பத்தூரிலும் ஆலைகள் எழுந்தபோது, வேலை தேடிச் சிற்றூர்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல. ஊரில் அவர்கள் வீட்டின் பின்புறம் குப்பைக்குழி ஒன்று இருந்தது. சாணமும் சருகும் சாம்பலும் அதில் விழுந்து, ஆடிப்பட்டத்துக்கு வண்டி வண்டியாக வயலுக்குப் போயின. பட்டணத்துக்கு வருகையில் அம்மிக்கல்லைக்கூடச் சுமந்து வந்தவர்கள், அந்தக் குழியை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். ஒரு தலைமுறைக்குள் அந்த அறிவு அறுந்து போகும் நிலையில் இருக்கிறது.

இவ்வறிவின் அருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர் ஓர் ஆங்கிலேயர். ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற தாவரவியல் வல்லுநர் 1905-ஆம் ஆண்டு வடக்கே பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்குப் பணியேற்று வந்தார். மேனாட்டு விஞ்ஞானத்தை இந்திய உழவனுக்குக் கற்பிக்க வந்தவர் அவர். ஆனால் சுற்றுப்புறத்து உழவர்கள் மருந்தும் செயற்கை உரமும் இன்றியே நோயற்ற பயிரை விளைவிப்பதைக் கண்டு, அவ்வுழவர்களையே தம் ஆசிரியர்களாகக் கொண்டார். பயிரைத் தின்னும் பூச்சிகளையும் அவர் ஆசிரியர் பட்டியலில் சேர்த்ததுதான் வேடிக்கை! 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்துகொண்டு, செடி கொடிக் கழிவையும் சாணத்தையும் சிறுநீர் ஊறிய மண்ணையும் சாம்பலையும் அடுக்கடுக்காக இட்டு, இடையிடையே புரட்டிவிட்டு, மூன்றே மாதத்தில் எருவாக்கும் முறையை வகுத்தார். தம்முடன் உழைத்த யஷ்வந்த் வாட் என்ற இந்தியருடன் சேர்ந்து 1931-ல் அதை நூலாகவும் வெளியிட்டார். இந்தூர் முறை என்ற பெயரில் அது பல நாடுகளுக்கும் பரவியது. கற்பிக்க வந்தவர் முதலில் கற்றுக்கொண்டார் என்பதே நமக்கு இதில் பிடித்த பகுதி.

இன்னும் வடக்கே லடாக்கில் ஆண்டில் பல மாதம் நிலம் உறைந்து கிடக்கும். அங்குள்ள மக்கள் உலர் கழிப்பிடங்களில் மண்ணும் சாம்பலும் இட்டு, சேர்ந்த எருவை இளவேனிலில் வயலுக்கு எடுத்துச் செல்வது தொன்றுதொட்டு வந்த வழக்கம். குளிரில் மட்கும் வேலை ஏறக்குறைய நின்றே போகும். நமக்கோ பன்னிரண்டு மாதமும் வெயில் இலவசம்.

இனி நம் சொந்தக் கதைக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் நாமும் ஆர்வ மிகுதியால் வீட்டின் பின்புறம் ஒரு குழி தோண்டி, காய்கறித் தோலையும் மீந்த சோற்றையும் நாள்தோறும் கொட்டி வந்தோம். பத்தாம் நாள் நாற்றம் தெருவரை எட்டியது. புழு நெளிந்தது. மூடிவிடலாம் என்று மண்வெட்டியை எடுத்தபோது, பக்கத்து வீட்டுப் பாட்டி மதிலருகே வந்து நின்றார்.

"ஏம்ப்பா, வெறும் சோத்தையும் கறிகாயையும் போட்டா நாறாம என்ன செய்யும்? சருகைப் போடு. ஒரு கூடை பழைய எருவைக் கலந்து கிளறிவிடு" என்றார்.

பாட்டி சொன்னதற்குள் விஞ்ஞானம் முழுவதும் அடங்கியிருந்தது. மட்கச் செய்பவை கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள். அவற்றுக்கு ஏறத்தாழ முப்பது பங்கு கரியும் ஒரு பங்கு தழைச்சத்தும் வேண்டும். சமையற்கழிவில் தழைச்சத்தும் ஈரமும் மிகுதி. சருகிலும் வைக்கோலிலும் கரி மிகுதி. ஆகவே ஒரு கை காய்கறிக் கழிவுக்கு இரண்டு கை சருகு என்பது வீட்டுக்குப் போதுமான கணக்கு. காற்று புகாவிடில் நாறும்; அதற்குத்தான் கிளறுதல். பிழிந்த துணிபோல் ஈரம் இருந்தால் போதும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீட்டர் கொண்ட குவியல் உள்ளே அறுபது டிகிரி வரை சூடேறும். களை விதைகள் அச்சூட்டில் பெரும்பாலும் மடியும். பழைய எரு ஒரு கூடை என்றாரே, அது தயிருக்கு உறை ஊற்றுவது போன்றது. சாம்பலை மட்டும் அளவோடு தூவ வேண்டும்.

மாடி வீட்டில் குடியிருப்போர் அடியிலும் பக்கங்களிலும் துளையிட்ட இரண்டு மண்பானைகளைக் கொள்ளலாம். ஒன்று நிறைந்ததும் மூடி வைத்து மற்றதைத் தொடங்குவது. பானையில் அவ்வளவு சூடு ஏறாது. ஆதலால் காலம் சற்றுக் கூடும். மீன், இறைச்சிக் கழிவைத் தவிர்த்தல் நன்று. பூனைக்கும் எலிக்கும் நாமே அழைப்பு விடுக்க வேண்டாமே.

மாசி, பங்குனியில் நம் தெருக்களில் வேப்பஞ்சருகு கொட்டுகிறது. அதைக் கூட்டிக் குவித்துக் கொளுத்துகிறோம். புகையில் குழந்தைகள் இருமுகிறார்கள். இரண்டு சாக்கில் அதைச் சேமித்து வைத்தால் பல மாதங்களுக்குக் கவலையில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழிக்குள் நீர் தேங்கும். அப்போது மேட்டில் குவித்து ஓலையால் மூடுவதே தக்கது.

காய்க்காத அத்தி மரத்தை வெட்டச் சொன்ன உரிமையாளரிடம், சுற்றிலும் கொத்தி எரு இட்டுப் பார்க்க இன்னும் ஓராண்டு தவணை கேட்ட தோட்டக்காரரை லூக்கா நற்செய்தியில் நாம் அறிவோம். அவர் கேட்டதில் தவணையை நினைவில் வைத்த நாம் எருவை மறந்துவிட்டோமோ என்னவோ!

பாட்டியின் சொற்படி செய்த நம் குழி ஒரு வாரத்தில் நாற்றம் அடங்கியது. நான்காம் மாதம் கருநிறத்தில், முதல் மழை நனைத்த மண்ணின் மணத்தோடு எரு கிடைத்தது. சலித்து, மட்காத கட்டைகளை அடுத்த குவியலுக்கு உறையாக இட்டோம். பாட்டி வந்தார், ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார். பாராட்டு எதுவும் சொல்லவில்லை. தம் கறிவேப்பிலைச் செடிக்கு ஒரு கூடை வேண்டும் என்று மட்டும் கேட்டார்.