ஒரு புளியமரத்தின் கதை (புதினம்)

ஒரு புளியமரத்தின் கதை என்பது சுந்தர ராமசாமி (1931-2005) எழுதிய தமிழ்ப் புதினம் ஆகும். இதன் சில பகுதிகள் சரஸ்வதி இதழில் வெளிவந்தன. முழு நூல் 1966 ஆம் ஆண்டு வெளியானது. சுந்தர ராமசாமியின் முதல் புதினமான இது, நவீனத் தமிழ்ப் புதினங்களுள் முக்கியமான ஒன்றாகக் கருதப்படுகின்றது. நாட்டு விடுதலையை ஒட்டிய காலத்தின் நம்பிக்கைகளையும் அவை கலைந்த விதத்தையும் ஒரு மரத்தைக் குறியீடாகக் கொண்டு இப்புதினம் சித்தரிக்கின்றது.

பின்னணி

கதை நிகழும் ஊர் நாகர்கோவிலை ஒத்தது. அப்பகுதி திருவிதாங்கூர் மன்னராட்சியின் கீழ் இருந்தது. விடுதலைக்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் அடங்கியிருந்து, 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. மன்னராட்சி மறைந்து நகராட்சியும் தேர்தலும் செய்தித்தாளும் ஊர் வாழ்வில் இடம்பிடித்த மாற்றமே புதினத்தின் களமாகும். இளமையில் பொதுவுடைமை இயக்கத்துடன் நெருக்கம் கொண்டிருந்த ஆசிரியர் பின்னர் அதிலிருந்து விலகினார்.

கதை

கதைசொல்லி, தன் இளம் பருவத்தில் தாமோதர ஆசான் என்ற முதியவரிடம் கதை கேட்டவன். ஒரு காலத்தில் குளத்தின் நடுவே நின்ற புளியமரம், குளம் தூர்க்கப்பட்டுச் சாலைகள் வந்தபின் சந்திப்பின் நடுவே நிற்பதாகிறது. மன்னர் வருகை, செல்லத்தாயி என்ற பெண்ணின் மரணம் முதலியவற்றை ஆசான் சுவைபடக் கூறுகிறார். அவரது காலத்திற்குப் பின் கதைசொல்லி தானே கண்டவற்றைக் கூறத் தொடங்குகிறான்.

பின்பகுதியில் மரத்தைச் சுற்றிக் கடைகள் பெருகுகின்றன. வணிகர்களான தாமுவுக்கும் அப்துல் காதருக்கும் இடையிலான போட்டி நகராட்சி அரசியலுடன் பின்னிக்கொள்கின்றது. இசக்கி என்ற செய்தியாளரும் இதில் பங்கு பெறுகிறார். மரத்தை வெட்டவேண்டும் என ஒரு தரப்பு முயல, அதைத் தடுக்க மற்றொரு தரப்பு மரத்தைத் தெய்வமாக்குகின்றது. இறுதியில் மரம் நஞ்சிடப்பட்டுப் பட்டுப்போகின்றது.

இலட்சியமும் ஏமாற்றமும்

விடுதலை பெற்ற மக்கள் தம் ஊரைத் தாமே ஆளலாம் என்பது அக்காலத்தின் பெரும் நம்பிக்கை. புதினத்தில் அந்த உரிமை சிறு பகைகளுக்குக் கருவியாகின்றது. வாக்கு, செய்தித்தாள், பக்தி ஆகிய மூன்றும் நல்ல நோக்கங்களுக்கென அமைந்தவை. மூன்றுமே வணிகப் போட்டிக்குப் பயன்படுகின்றன. எனினும் மன்னராட்சிக் காலம் பொற்காலமாகக் காட்டப்படவில்லை. ஆசானின் பழங்கதைகளிலும் அடக்குமுறையும் கொடுமையும் உண்டு. ஆகவே இழப்புணர்வு இருந்தபோதும் இப்புதினம் பழமைக்கு ஏங்கும் நூலாக ஆவதில்லை.

குறியீடுகள்

புளியமரம் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. எந்தத் தரப்பையும் சேரவில்லை. மனிதர்களே தத்தம் தேவைக்கு ஏற்ப அதற்குப் பொருள் கற்பிக்கின்றனர். நிழலாகவும் தடையாகவும் தெய்வமாகவும் அது மாறி மாறிக் காணப்படுகின்றது. மரத்தைக் காக்க முனைவோரும் மரத்திற்காக அதைச் செய்வதில்லை என்பதே கதையின் கூர்மையான முரண்.

காற்றாடி மரத்தோப்பு மற்றொரு குறியீடாகும். தோப்பு வெட்டப்பட்டு, அங்கே செடிகள் நட்டுப் பூங்கா அமைக்கப்படுகின்றது. மரத்தை வெட்டிவிட்டுச் செடி வைப்பது எதற்கு என்ற எளிய கேள்விக்கு ஊராரிடம் நிறைவான விடை இல்லை. சுற்றுச்சூழல் குறித்த பேச்சு தமிழில் பரவலாகும் முன்பே வளர்ச்சியின் இந்த முரணைப் புதினம் எழுப்பியது. ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த திருப்பெரும்புதூர், ஒரகடம் போன்ற பகுதிகள் தொழிற்பேட்டைகளாக மாறியுள்ள சூழலில் அக்கேள்வி இன்றும் பொருத்தமுடையது. சாலையும் வேலையும் தேவை என்பதைப் புதினம் மறுக்கவில்லை. மாற்றத்தை யார், யாருக்காக முடிவு செய்கின்றனர் என்பதையே அது வினவுகின்றது.

ஒப்பீடு

எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் தி கிரேட் கேட்ஸ்பி (1925) என்ற அமெரிக்கப் புதினமும் இலட்சியம், குறியீடு, ஏமாற்றம் ஆகியவற்றைக் கையாள்வது. அதில் கேட்ஸ்பி, விரிகுடாவின் மறுகரையில் தெரியும் பச்சை விளக்கில் தன் கனவு முழுவதையும் காண்கிறான். அங்கு ஒரு தனிமனிதனின் கனவு எட்டாத தொலைவில் உள்ளது. புளியமரமோ எல்லோரும் அன்றாடம் கடந்து செல்லும் சந்தியில் நிற்கின்றது. அதன் அழிவில் ஊரே பங்கு கொள்கின்றது. இரு கதைகளையும் நிகழ்ந்தவற்றை அருகிருந்து கண்ட ஒருவரே கூறுகிறார் என்பது குறிப்பிடத்தக்க ஒற்றுமை.

நடையும் மொழிபெயர்ப்புகளும்

உரையாடல்கள் நாகர்கோவில் வட்டார வழக்கில் அமைந்துள்ளன. அங்கத நடை புதினம் முழுதும் காணப்படுகின்றது. இந்நூல் ஆங்கிலத்தில் இருமுறை மொழிபெயர்க்கப்பட்டுள்ளது. எபிரேயம், மலையாளம், இந்தி ஆகிய மொழிகளிலும் வெளிவந்துள்ளது.