சிமுலேட்டர் பறத்தலில் வழியும் உயரமும்: மதுரை – கொச்சிப் பாதையை முன்வைத்து

முன்னுரை

இல்லக் கணினியில் இயங்கும் விமானச் சிமுலேட்டர் மென்பொருள்கள் இரு விமான நிலையங்களுக்கிடையே நொடியில் நேர்கோடு வரைந்து தருகின்றன. அக்கோட்டில் எவ்வுயரத்தில் பறப்பது என்பது திசை, நிலம், ஏற்ற இறக்கத் தொலைவு ஆகிய மூன்றையும் பொறுத்தது. ஆகவே, திரும்பும் பயணம் முன்பயணத்தின் தலைகீழ் வடிவம் ஆகாது. இதனை மதுரை – கொச்சிப் பாதைவழி இக்கட்டுரை விளக்குகிறது.

மேற்கு நோக்கிய பயணம்

இடைத்தொலைவு ஏறத்தாழ 100 கடல்மைல். பன்னாட்டு நடைமுறைப்படி, காந்தத் திசை 0 முதல் 179 பாகை வரை அமையும் கருவிவழிப் பறத்தலுக்கு ஒற்றைப்படை ஆயிரம் அடிகளும், 180 முதல் 359 வரை இரட்டைப்படை ஆயிரங்களும் உரியவை. கண்பார்வைவழிப் பறத்தலில் இவற்றோடு 500 அடி கூடும். மேற்கு நோக்கிச் செல்வதால் 8,500 அடி இவ்விதிக்குப் பொருந்தும். எனினும், பாதைக்குச் சற்று வடக்கே நிற்கும் ஆனைமுடியின் உயரம் 2,695 மீட்டர், அதாவது 8,842 அடி. விதிக்குப் பொருந்தும் உயரம் மலைக்குப் போதவில்லை. சிகரத்திற்கு மேல் 2,000 அடி இடைவெளி கொண்டால், கருவிவழிப் பறத்தலுக்கு 12,000 அடியே உரியதாகிறது.

1,000 அடி இறங்க 3 கடல்மைல் என்னும் கணக்கின்படி, இறக்கம் கொச்சிக்கு 36 கடல்மைல் முன்னர்த் தொடங்க வேண்டும். ஆனைமுடி அங்கிருந்து சுமார் 39 கடல்மைல் தொலைவில் உள்ளது. எனவே முகட்டைக் கடந்ததும் இறங்கத் தொடங்குதல் வேண்டும். தாமதித்தால் ஓடுபாதையை மிகையுயரத்தில் நெருங்க நேரும்.

கிழக்கு நோக்கிய பயணம்

திரும்புகையில் உரிய உயரம் 11,000 அடி. நிமிடத்திற்கு 500 அடி வீதம், 80 நாட் வேகத்தில் ஏறும் சிறு விமானம் அதனை எட்ட 22 நிமிடமும் 29 கடல்மைலும் ஆகும். உயரம் கூடக்கூட ஏறும் வீதம் குறையும். மலைச்சரிவோ ஆனைமுடிக்கு முன்பே எழுகிறது. ஆகவே கொச்சியருகே வட்டமிட்டு உயர்தல் ஒரு தீர்வு. பாலக்காட்டுக் கணவாய், கோயம்புத்தூர், திண்டுக்கல் வழியாகக் கண்பார்வைவழி 5,500 அடியில் செல்லுதல் மற்றொன்று. இவ்வழியின் நீளம் ஏறத்தாழ 170 கடல்மைல்.

முடிவுரை

சிமுலேட்டரில் மலையில் மோதியவர் மீண்டும் புறப்பட இயலும். ஆனால் மோதியதன் காரணத்தைத் திரை கற்பிப்பதில்லை. புறப்படுமுன் செய்யும் கணக்கே கற்பிக்கிறது. ஒவ்வொரு திசைக்கும் அக்கணக்கைத் தனித்தனியே செய்தல் இன்றியமையாதது.