கறிக்கோழிக்கும் ஆயுள் உண்டு!

தெருவில் கோழிக்குஞ்சு விற்பவர் வருகிறார். குழந்தை அடம் பிடிக்கிறது. அம்மா ஒரு குஞ்சு வாங்கிக் கொடுக்கிறாள். அது கறிக்கோழிக் குஞ்சு என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஆறே வாரம். குஞ்சு இரண்டு கிலோ ஆகிவிட்டது! நாலு அடி நடந்தால் உட்கார்ந்து விடுகிறது. "இனி இது தாங்காது, குழம்பு வைத்துவிடலாம்" என்கிறார் அப்பா. குழந்தையோ கோழியைக் கட்டிக்கொண்டு அழுகிறது.

அந்தக் கோழி பிழைக்குமா? பிழைக்க வழி உண்டு.

ஊசியா காரணம்?

"ஊசி போட்டு வளர்த்த கோழி" என்று பலர் சொல்வார்கள். அது சரி அல்ல. காரணம் அதன் ரத்தத்திலேயே இருக்கிறது.

1948-ல் அமெரிக்காவில் "நாளைய கோழி" என்று ஒரு போட்டி நடந்தது. அதிகக் கறி உள்ள கோழியை உண்டாக்குவதே போட்டி. கலிபோர்னியாவைச் சேர்ந்த சார்லஸ் வான்ட்ரஸ் வெற்றி பெற்றார். அவருடைய கோழி, கார்னிஷ் என்ற இனத்தின் கலப்பு. அந்தக் கார்னிஷ் இனம், நம் நாட்டு அசில் சண்டைக்கோழியின் வழி வந்தது!

கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார், 1957-ம் ஆண்டு இனத்தையும் 2005-ம் ஆண்டு இனத்தையும் ஒரே தீனி போட்டு வளர்த்தார்கள். 56-ம் நாள் எடை போட்டார்கள். பழைய இனம் 905 கிராம். புதிய இனம் 4,202 கிராம்! இந்த முடிவு 2014-ல் வெளியாயிற்று.

சதை வளரும் வேகத்துக்கு இதயமும் காலும் ஈடுகொடுப்பதில்லை. கால் மடங்குகிறது. வயிற்றில் நீர் கோத்துக் கொள்கிறது. சில கோழிகள் திடீரென்று விழுந்து சாகின்றன.

தாய்க்கோழி தரும் பாடம்

இந்தக் குஞ்சுகளுக்கும் தாய் உண்டு அல்லவா? அந்தத் தாய்க்கோழிகள் ஒரு வருஷத்துக்கு மேல் பண்ணையில் வாழ்ந்து முட்டையிடுகின்றன. அது எப்படி?

அவற்றுக்குத் தீனியை அளந்து போடுகிறார்கள். அவ்வளவுதான் ரகசியம்!

வீட்டிலும் அதையே செய்ய வேண்டும். நாள் முழுதும் தீனித் தட்டை நிரப்பி வைக்கக் கூடாது. சதை போடுவதற்கான பண்ணைத் தீனியை நிறுத்திவிட வேண்டும். காலையும் மாலையும் அளந்து போடுங்கள். ஆனால் பட்டினி போடக் கூடாது. வயிறு நிறையக் கீரை கொடுங்கள். வாரம் ஒரு முறை எடை பாருங்கள். எடை மளமளவென்று ஏறினால் தீனியைச் சிறிது குறையுங்கள்.

நடக்க விடுங்கள்!

தீனி ஒரு மூலையில், தண்ணீர் மறு மூலையில் இருக்கட்டும். இரண்டுக்கும் நடந்தால் கால் உரம் பெறும். கொஞ்சம் தானியத்தை மண்ணில் தூவினால் கிளறித் தின்னும்.

தரையில் உமியை மெத்தென்று பரப்புங்கள். ஈரம் ஆகாது, ஈரத்தில் நின்றால் பாதம் புண்ணாகும். உயரத்தில் ஏற விடாதீர்கள். குதித்தால் காலுக்கு ஆபத்து.

வெயில்தான் பெரிய எமன். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கும். கோடையில் நிழலும் குளிர்ந்த நீரும் அவசியம். உச்சி வெயிலில் தீனி வேண்டாம்.

வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பு மருந்து உண்டு. கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக் கொள்ளுங்கள். பெட்டையாக இருந்தால் முட்டையிடத் தொடங்கும். அப்போது கிளிஞ்சல் தூள் கொடுங்கள்.

இவ்வளவும் செய்தாலும் சில கோழிகள் சீக்கிரம் இறந்து விடலாம். அதைக் குழந்தைக்கு முன்பே சொல்லி வைப்பது நல்லது. ஆனால் கவனித்து வளர்த்த கோழிகள் சில ஆண்டுகள் வாழ்ந்ததும் உண்டு.

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பார்கள். கறிக்கோழிக்கு அது அப்படியே பொருந்தும். குழந்தை படி நிறைய அரிசி அள்ளிக்கொண்டு கோழியிடம் ஓடினால், "ஒரு பிடி போதும், கண்ணு" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்தான் கோழியின் ஆயுள்!