புயலுக்குள் ஓர் ஓவியன்

பௌதிக எம். எஸ்ஸி. மாணவனுக்கு ஓவியத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் நகைக்கலாம். நூலகத்தில் ஓவியத் தொகுதி ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு படத்தில் கண் சிக்கிக்கொண்டது. அன்று பாடக் குறிப்பு எழுதவில்லை!

ஆங்கில ஓவியர் டர்னர் (1775–1851) தீட்டியது அது. 1842-ல் இலண்டன் ராயல் அகாடமியில் காட்சிக்கு வந்தது. உயரம் மூன்றடி, அகலம் நான்கடி. துறைமுக வாயிலுக்கு வெளியே, பனிப்புயலில் அகப்பட்ட ஒரு நீராவிக் கப்பல். ஆனால் கப்பலைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நடுவே வளைந்த பாய்மரம், கரிய புகை, சிறு வெளிச்சம். சுற்றிலும் நீரும் பனியும் புகையும் ஒரே சுழலாய்ச் சுழல்கின்றன.

கடற்காட்சி என்றால் அடிவானம் நேர்கோடாக இருக்கும். நாம் கரையில் பத்திரமாக நின்று பார்ப்போம். டர்னர் அந்தக் கோட்டையே கலைத்துவிட்டார். பார்க்கிறவனுக்குக் காலூன்ற இடமில்லை. அதே ரொமாண்டிக் காலத்து ஜெர்மானியர் ஃபிரீடரிக்கும் பனிக்கட்டிகள் நொறுக்கிய கப்பலை வரைந்தார். அங்கே எல்லாம் முடிந்து அமைதி வந்துவிட்டது. டர்னரின் கப்பலுக்கோ இன்னும் எதுவும் முடியவில்லை.

மாலுமிகளைக் கொண்டு தம்மைப் பாய்மரத்தில் கட்டச் சொல்லி, நான்கு மணி நேரம் புயலைப் பார்த்ததாக டர்னர் சொன்னாராம். அறுபதைத் தாண்டிய கிழவர்! ஆராய்ச்சியாளர்கள் இதை நம்பத் தயங்குகிறார்கள். வெர்னே என்ற பிரெஞ்சு ஓவியரைப் பற்றியும் இதே கதை உண்டு. நானும் நம்பவில்லை. ஆனால் படத்தை நம்புகிறேன். நீர்ச் சுழலைச் சமன்பாட்டில் எழுதப் பழகிய எனக்கு, அதன் உள்ளே இருப்பது எப்படி என்று அதுவரை எவரும் சொல்லித் தரவில்லை.

சோப்பு நுரையும் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பும் என்று அன்று ஏளனம் செய்தார்கள். கிழவர் மனம் புண்பட்டார். மறு ஆண்டே ரஸ்கின் தம் பெயரை மறைத்து, 'ஆக்ஸ்போர்டு பட்டதாரி' என்று மட்டும் போட்டு, டர்னருக்காக ஒரு நூலே வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 24. என்னைவிட ஒன்றே அதிகம்!

படத்தின் நீண்ட தலைப்பில் ஒரு செய்தி இருக்கிறது. ஆழமற்ற நீரில் அந்தக் கப்பல், ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்துக்கொண்டே போகிறதாம். கரை தெரியாத இருளில் தரை தட்டாமலிருக்க அதுவே வழி. கயிறு பிடித்த மாலுமி படத்தில் தென்படவில்லை. நானும் இருமுறை தேடிவிட்டேன்.