பெரோவ்ஸ்கைட்டில் சூடான எலக்ட்ரான்கள்

பெரோவ்ஸ்கைட் குறைக்கடத்தியில் ஒளி பட்டதும் எலக்ட்ரான்–துளை இணைகள் தோன்றுகின்றன. இவையே மின்னூட்ட ஊர்திகள். சூரிய மின்கலத்துக்குப் பெயர்பெற்ற மெத்தில் அம்மோனியம் ஈய அயோடைடின் ஆற்றல் இடைவெளி சுமார் 1.6 எலக்ட்ரான் வோல்ட். பச்சை ஒளியின் ஒரு ஃபோட்டான் தருவதோ ஏறத்தாழ 2.4. மிச்சமான 0.8 ஊர்திகளைச் 'சூடாக்குகிறது'. பொதுவாக 1 பிக்கோ நொடிக்குள் (நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) அந்த மிகையாற்றல் படிகத்தில் வெப்பமாகக் கரைந்துவிடும். ஒற்றைச் சந்தி மின்கலத்தின் திறன் ஏறத்தாழ 33 விழுக்காட்டைத் தாண்டாததற்கு இவ்விழப்பு ஒரு முக்கியக் காரணம்.

இவ்வளவு குறுகிய நேரத்தை எந்தக் கடிகாரம் அளக்கும்? கடிகாரமே வேண்டாம், நாம் பள்ளியில் படித்த வேகம், தூரம், நேரம் போதும். ஒரு லேசர் துடிப்பு ஊர்திகளை எழுப்பும். தாமதித்து வரும் இரண்டாவது துடிப்பு அவற்றின் நிலையைப் பார்க்கும். அதன் பாதையிலுள்ள ஆடியை 0.15 மில்லிமீட்டர் பின்தள்ளினால், போய்வரும் தொலைவு 0.3 மில்லிமீட்டர் கூடும். தாமதம் 1 பிக்கோ நொடி.

சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் 2013இல் இத்தகைய அளவீட்டின் வழியே, எலக்ட்ரானும் துளையும் மீண்டும் சேருமுன் குறைந்தது 100 நானோமீட்டர் பரவுவதைக் காட்டினர். மலிவான கரைசலிலிருந்து வார்த்த படலத்துக்கு இது பெரிய தொலைவு.

ஊர்திகள் நெருக்கமாகப் பெருகினால் குளிர்தல் பத்துக்கணக்கான பிக்கோ நொடிகள் வரை நீள்கிறது. ஆனால் அந்த நெருக்கத்துக்கு வெயிலைவிட மிகச் செறிவான ஒளி தேவை. சூடான நிலையிலேயே ஊர்திகளை வெளியே எடுக்கும் மின்கலம் இன்னும் ஆய்வகத்தைத் தாண்டவில்லை.