நரியின் பெயரைப் பிடித்துக்கொண்ட நாயகன்

இன்றைய பிரெஞ்சு மொழியில் நரிக்கு ‘ரெனார்’ என்று பெயர். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு அது ஆண்களுக்கு வைக்கும் பெயர். நரியை அப்போது ‘கூப்பில்’ என்றார்கள்.

கூப்பில் லத்தீனிலிருந்து வந்த சொல். லத்தீனில் நரி ‘வுல்பெஸ்’. பேச்சில் அதைச் செல்லமாக்கி, ‘குட்டி நரி’ என்ற பொருளில் ‘வுல்பெகுலா’ என்றும் சொன்னார்கள். அதன் ஆண்பால் வடிவமே கூப்பிலாகத் தேய்ந்தது. தேனீ, காது, சூரியன் ஆகியவற்றின் பிரெஞ்சுப் பெயர்களும் இப்படிச் செல்லச் சொற்களில் பிறந்தவைதான்.

முதலில் இருந்த வகரம் எப்படிப் போனது? ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் வட பிரான்ஸைப் பிடித்த பிராங்குகள் ஜெர்மானிய மொழி பேசியவர்கள். உதட்டைக் குவித்து அவர்கள் ஒலித்த வகரம் உள்ளூர் மக்கள் வாயில் ‘க்வ’ ஆனது. பிறகு லத்தீன் சொற்கள் சிலவற்றையும் அந்த ஒலி தொற்றிக்கொண்டது. குளவிக்கு லத்தீனில் ‘வெஸ்பா’. இத்தாலியர்கள் அதை மாற்றாமல் வைத்திருந்து ஸ்கூட்டருக்கும் சூட்டினார்கள். பிரெஞ்சில் அது ‘கெப்’ ஆயிற்று. வுல்பெஸின் வகரமும் இதே வழியில்தான் போனது.

1170களில் ரெனார் என்ற நரியின் கதைகளைப் பிரெஞ்சுக் கவிஞர்கள் பாடத் தொடங்கினார்கள். ‘ஆலோசனையில் வல்லவன்’ எனப் பொருள்படும் ஜெர்மானியப் பெயரான ரெகின்ஹார்டின் பிரெஞ்சு வடிவமே ரெனார். புகழ்பெற்ற கதையொன்றில் சாந்தக்ளேர் என்ற சேவலிடம், “உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டு என்னமாய்க் கூவுவார்!” என்கிறது ரெனார். சேவல் கண்ணை மூட, நரி கவ்வுகிறது. ஊரார் துரத்துகிறார்கள். “அவர்களை நாலு வார்த்தை கேளேன்” என்று சேவல் உசுப்ப, ரெனார் வாயைத் திறக்கிறது, சேவல் பறந்துவிடுகிறது.

இந்தக் கதைகள் எங்கும் பரவின. ஒரு நிறுவனத்தின் பெயரான ஜெராக்ஸ் நம்மூரில் எல்லா நகலுக்கும் பொதுப்பெயர் ஆனதுபோல, ஒரு நரியின் பெயர் எல்லா நரிகளுக்கும் ஆகிவிட்டது. 1668இல் லா ஃபோந்தேன் தம் நீதிக்கதைகளை வெளியிட்டபோது நரி அவருக்கும் ரெனார்தான்.

ஜெர்மானியர்கள், டச்சுக்காரர்கள், ஆங்கிலேயர்கள் எல்லோருமே இந்தக் கதையை ரசித்தார்கள். ஆனால் நரிக்கான தங்கள் பழைய சொல்லை அவர்கள் விடவில்லை; பிரெஞ்சுக்காரர்கள் விட்டார்கள். கூப்பில் அங்கே குடும்பப் பெயராக எஞ்சியிருக்கிறது. இளம் வயதில் வான்கோ வேலை பார்த்த ஓவிய விற்பனை நிறுவனத்தின் பெயரில் இருந்ததும் அதுவே. ஒலி மாற்றங்களையெல்லாம் தாங்கி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் புழங்கிய ஒரு சொல்லை, மக்கள் மனம் பறிகொடுத்த ஒரு கதை ஓரம் கட்டிவிட்டது. சொல்லின் பிறப்பைத் தேடுகிறவர்கள் இலக்கணத்தோடு கதைகளையும் படித்தாக வேண்டும்.