வாசலில் ஓடும் மழைநீர் எங்கே போகிறது?

மழை பெய்து ஓய்ந்ததும் எமது வீட்டுக் கூரையிலிருந்து பீலி வழியாக இறங்கி, வாசலைக் கடந்து, வீதியோரக் கானுக்குள் விழுகிறதே தண்ணீர், அது எங்கே போகிறது? மெல்பேர்ணில் வாழும் எம்மவர் பலரிடம் இதைக் கேட்டுப் பார்த்தோம். "சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தானே?" என்பதே அநேகமாக எல்லோருடைய பதிலாகவும் இருந்தது.

அது சரியல்ல. குசினி, குளியலறை, மலசலகூடம் ஆகியவற்றிலிருந்து போகும் கழிவுநீர் ஒரு குழாயில் போகிறது. நகரின் பெரும்பகுதிக் கழிவுநீர் வெரிபியிலும் பங்கோமிலும் உள்ள பெரிய நிலையங்களில் சுத்திகரிக்கப்படுகிறது. வீதிக் கானுக்குள் விழும் மழைநீருக்கு முற்றிலும் வேறான குழாய். அது அருகிலுள்ள ஓடைக்கும், அங்கிருந்து போர்ட் பிலிப் விரிகுடாவுக்கும் போய்ச் சேருகிறது. வழியில் சில இடங்களில் குப்பை தடுக்கும் பொறிகளும் ஈரநிலங்களும் இருக்கின்றன. ஆனால் சுத்திகரிப்பு நிலையம் எதுவும் இல்லை. நாய் மலம், வாகன எண்ணெய், கார் கழுவிய சவர்க்காரம், தோட்டத்து உரம் என்று வீதியில் கிடக்கும் எல்லாவற்றையும் மழை அள்ளிக்கொண்டு போகிறது. நாம் பிள்ளைகளைக் குளிக்கக் கூட்டிச் செல்லும் கடலும் அதே கடல்தான்.

சுகாதாரப் பக்கத்தில் கான் வாய்க்கால் பற்றி ஏன் எழுதுகிறோம் என்று சிலர் யோசிக்கலாம். ஒரு நகரத்தின் ஆரோக்கியத்தில் பாதி நிலத்துக்கு அடியில்தான் இருக்கிறது என்பதற்கு இந்த நகரமே சாட்சி.

நெருப்புக் காய்ச்சல் காலம்

1880களில் மெல்பேர்ண் பணக்கார நகரம். ஆனால் கழிவுநீர் திறந்த வாய்க்கால்களில் ஓடியது. "நாற்ற நகரம்" என்று வெளியூரார் பரிகசித்தார்கள். நெருப்புக் காய்ச்சல் பலரைப் பலிகொண்டது. 1891இல் நீருக்கும் கழிவுநீருக்குமாகத் தனிச் சபை ஒன்று அமைக்கப்பட்டது. 1897இல் முதல் வீடுகள் கழிவுநீர்க் குழாயுடன் இணைக்கப்பட்டன. அதன் பின் நெருப்புக் காய்ச்சல் படிப்படியாகக் குறைந்தது. அந்த நோய்க்கு அன்ரிபயோற்றிக் மருந்து கிடைப்பதற்குப் பல பத்தாண்டுகள் முந்திய காலம் அது. மருந்துக்கு முன்பே குழாய் உயிர்களைக் காப்பாற்றியது. வைத்தியர்களாகிய நாம் இதைப் பணிவோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கழிவுநீர்ப் பிரச்சினை இவ்வாறு பெருமளவு தீர்ந்தது. மழைநீரைப் பற்றி மட்டும் நெடுங்காலம் எவரும் கவலைப்படவில்லை. வெள்ளம் வராமல், முடிந்தவரை வேகமாக, முடிந்தவரை தூரமாக அதை ஓட்டிவிடுவதுதான் பொறியியலாளரின் வேலை என்று கருதப்பட்டது.

வேகமாக ஓட்டாதே, மெதுவாகப் போகவிடு

இந்தச் சிந்தனையை மாற்றியவர்களைப் பற்றித்தான் இம்முறை எழுத விரும்புகிறோம். 1996இல் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனம் போர்ட் பிலிப் விரிகுடா பற்றிய பெரிய ஆய்வொன்றை வெளியிட்டது. விரிகுடாவின் வாய் ஒடுங்கியது. உள்ளே வருவது இலகுவில் வெளியே போகாது. நைதரசன் கூடினால் பாசி பெருகி, கடலின் இயல்பே கெட்டுவிடும். ஆகவே ஆண்டுதோறும் விரிகுடாவுக்குள் சேரும் நைதரசனை 1,000 தொன்னால் குறைக்க வேண்டும் என்று அந்த ஆய்வு பரிந்துரைத்தது. கழிவுநீர் நிலையத்தைத் திருத்தினால் மட்டும் போதாது, வீதி நீரையும் சுத்தமாக்க வேண்டும் என்பது அப்போது தெளிவாயிற்று.

ஆயிரக்கணக்கான கான்களுக்குத் தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியுமா? முடியாது. ரோனி வொங் போன்ற நிபுணர்கள் வேறு வழி காட்டினார்கள். மண்ணையும் செடியையும் கொண்டே நீரை வடிகட்டலாம், அதை வீடமைப்புத் திட்டத்துக்குள்ளேயே வைத்துவிடலாம் என்றார்கள். எம்மவர் பலர் வாழும் தென்கிழக்குப் பகுதியில், லின்புறூக் குடியிருப்பு இதற்கான ஆரம்ப முன்மாதிரிகளில் ஒன்று. அங்கே வீதி நடுவே புல்லும் செடியுமாக இருக்கும் பள்ளங்களை அழகுக்கு வைத்த பூங்கா என்று பலர் நினைத்திருப்பீர்கள். உண்மையில் அவை வடிகட்டிகள்.

மழைத்தோட்டம் என்று அழைக்கப்படும் இந்த அமைப்பு மிக எளிமையானது. தாழ்வான ஒரு பாத்தி. அதில் மணல் கலந்த மண், மேலே செடிகள், அடியில் துளையிட்ட குழாய். ஓடிவரும் நீர் சில மணித்தியாலங்களில் மண்ணுக்குள் இறங்குகிறது. அழுக்கும் உலோகத் துகள்களும் மண்ணில் தங்குகின்றன. நைதரசனை வேர்களும் நுண்ணுயிர்களும் எடுத்துக்கொள்கின்றன. எந்தச் செடியை வைத்தாலும் ஒன்றுதானா? இல்லை. அனா டெலெற்றிச்சும் அவரது சகாக்களும் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் பல செடிகளை வைத்துச் சோதித்தார்கள். கேரெக்ஸ் அப்ரெஸா என்ற உள்ளூர்க் கோரைப்புல் நைதரசனை அகற்றுவதில் மிகச் சிறந்து விளங்கியது. அடர்ந்த மெல்லிய வேர்கள்தான் அதன் பலம்.

மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ் வோல்ஷ், ரிம் பிளெச்சர் ஆகியோர் ஓடைகளின் பக்கம் நின்று இதைப் பார்த்தார்கள். ஒரு ஓடைக்கு நீர் வரும் நிலப்பரப்பில் சில வீதமளவு கூரையும் வீதியும் நேரடியாகக் குழாயில் இணைக்கப்பட்டிருந்தாலே அந்த ஓடையின் உயிரினங்கள் அருகத் தொடங்குகின்றன என்று கண்டறிந்தார்கள். ஆகவே மவுண்ட் எவ்லின் பகுதியில் வீடு வீடாகச் சென்று, மக்கள் மழைநீர்த் தாங்கியும் மழைத்தோட்டமும் அமைக்க நிதியுதவி செய்து, ஒரு சிறு ஓடையைக் காப்பாற்ற முயன்றார்கள். இவர்களோடு றெபேக்கா பிறவுண் போன்ற சமூகவியல் ஆய்வாளர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குழாயை மாற்றுவதைவிட நிறுவனங்களின் பழக்கத்தை மாற்றுவது கடினம் என்பதை எடுத்துக்காட்டியவர்கள் அவர்கள்.

1997 முதல் 2009 வரை நீடித்த பெரும் வரட்சி இம்முயற்சிகளுக்கு வேகம் கொடுத்தது. 2009இல் நீர்த்தேக்கங்கள் கொள்ளளவின் நான்கில் ஒரு பங்குக்கு இறங்கியதை அப்போது இங்கிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 155 லீற்றர் என்று இலக்கு வைத்தார்கள். 2006இலேயே விக்டோரியாவின் புதிய குடியிருப்புத் திட்டங்களுக்கு மழைநீரைச் சுத்திகரித்து வெளியேற்றும் ஏற்பாடு கட்டாயமாக்கப்பட்டிருந்தது.

எமக்கு இது புதிதல்ல

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கும் மாரி மழைதான் கிணற்று நீர். வெள்ளவாய்க்கால் குளத்துக்குப் போகும், குளம் நிலத்துக்குக் கொடுக்கும். வெள்ளவாய்க்காலை மறித்து மதில் கட்டினால் ஊரே சண்டைக்கு வரும். மழைநீரை மெதுவாக்கி நிலத்துக்குள் விடு என்று இங்குள்ள பேராசிரியர்கள் சொல்வது எமது பெற்றோர் அறிந்த சங்கதிதான். இங்கு வந்து, குழாயைத் திறந்தால் தண்ணீர் என்றானதும், நாம் அதை மறந்துவிட்டோம்.

ஒரு சிறு கணக்குப் பாருங்கள். 200 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 2,000 லீற்றர் நீர். மெல்பேர்ணில் ஆண்டுக்குச் சராசரி 650 மில்லிமீற்றர் மழை என்று கொண்டால் 130,000 லீற்றர். நாள் ஒன்றுக்கு 155 லீற்றர் பாவிக்கும் நால்வர் குடும்பத்தின் ஆண்டுத் தேவையில் பாதிக்கும் மேல் கூரையிலேயே விழுகிறது.

முதியோரும் நிழலும்

நிலத்துக்குள் இறங்கும் நீருக்கு இன்னொரு பயனும் உண்டு. 2009 ஜனவரி இறுதியில் வந்த கடும் வெப்ப அலையின்போது, வழமையாக எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கையைவிட 374 பேர் அதிகமாக விக்டோரியாவில் இறந்தார்கள். பெரும்பாலானோர் 75 வயதைத் தாண்டியவர்கள். ஈரமான மண்ணில் நிற்கும் மரம் நிழலையும் தருகிறது, காற்றையும் குளிர்விக்கிறது. வீதி நீரை மரங்களின் வேருக்குத் திருப்பிவிடும் வேலை எமது அம்மம்மா, தாத்தாமாரின் உயிரோடும் சம்பந்தப்பட்டது.

நாம் செய்யக்கூடியவை

• கடும் மழை பெய்தால் அடுத்த 24 முதல் 48 மணித்தியாலங்களுக்கு விரிகுடாவிலோ ஆற்றிலோ குளிக்க வேண்டாம். மற்ற நாட்களிலும் கான் வந்து விழும் இடத்தில் சிறுவர்களை விளையாட விடாதீர்கள். சுற்றாடல் பாதுகாப்பு அதிகார சபை கோடையில் கடற்கரைகளின் நீர்த்தரத்தை நாள்தோறும் அறிவிக்கிறது. புறப்படுமுன் பாருங்கள். கடலில் குளித்த பின் வயிற்றோட்டம், காதுவலி, கண் சிவத்தல், புண் சீழ்ப்பிடித்தல் ஏற்பட்டால், குளித்த இடத்தையும் நாளையும் உங்கள் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

• காரை வீதியில் கழுவாமல் புற்தரையில் கழுவுங்கள், அல்லது கார் கழுவும் நிலையத்துக்குக் கொண்டு செல்லுங்கள்.

• பொரித்த எண்ணெயைக் கானுக்குள்ளும் ஊற்ற வேண்டாம், குசினித் தொட்டிக்குள்ளும் ஊற்ற வேண்டாம். ஆறவிட்டு, கடதாசியில் ஒற்றி, குப்பையில் போடுங்கள்.

• மழைநீர்த் தாங்கியின் நீரைத் தோட்டத்துக்கும் மலசலகூடத்துக்கும் துணி துவைக்கவும் பாவியுங்கள். நகரக் குழாய் நீர் இருக்கும்போது அதைக் குடிக்க வேண்டியதில்லை.

• தாங்கியின் வாய்களை 1 மில்லிமீற்றருக்கு மேற்படாத கண்ணுள்ள வலையால் மூடுங்கள். பூச்சாடித் தட்டிலும் பழைய வாளியிலும் நீர் தேங்க விடாதீர்கள். விக்டோரியாவில் பரவும் புரூலி என்ற தோற்புண்ணை மனிதருக்குக் கடத்துவதில் நுளம்புக்கு முக்கிய பங்கு உண்டு என்பதை 2024இல் வெளியான ஆய்வு உறுதிப்படுத்தியது. அந்த நுளம்பு வீட்டு வளவில் கிடக்கும் பாத்திரங்களில்தான் பெருகுகிறது. ஆறாத புண்ணோ கட்டியோ இருந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள்.

• வளவு முழுவதற்கும் சீமெந்து போடுமுன் ஒருமுறை யோசியுங்கள். பீலி நீர் இறங்க ஒரு பாத்தி இடம் விட்டாலே போதும். மெல்பேர்ண் வோட்டர் நிறுவனத்தின் தூண்டுதலில் 2013க்குள் 10,000 மழைத்தோட்டங்கள் அமைந்தன. எப்படி அமைப்பது என்று உங்கள் நகரசபையிடம் கேட்கலாம்.

நோய் வந்த பின்னர்தான் மக்கள் எம்மிடம் வருகிறார்கள். இந்த நிபுணர்கள் நோய் வருமுன் வேலை செய்கிறார்கள். அதனால் அவர்களுக்கு நன்றி சொல்ல எவரும் போவதில்லை. உயர்தரத்தில் கணிதமோ உயிரியலோ படிக்கும் எமது பிள்ளைகளுக்கு இப்படியும் ஒரு துறை இருக்கிறது என்று சொல்லி வைப்போம். வீதிக் கானைக் கண்டால், அந்த நீர் நேரே கடலுக்குப் போகிறது என்று சிறுவர்களுக்குக் காட்டிக் கொடுப்போம்.